காற்று எந்தப் பக்கம்?

பெண்களுக்கு ஆபத்தைக் கணக்கிடத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுப்பில் எண்ணெய் காய்கிறது. இரண்டடி தள்ளிக் குழந்தை தவழ்கிறது. ஜன்னல் காற்று புடவைத் தலைப்பை அடுப்புப் பக்கம் தள்ளுகிறது. மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்து, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தலைப்பைச் செருகிக்கொண்டு, வாணலியையும் இறக்கி வைக்கிறாளே ஒருத்தி, அவள் எந்தக் கலாசாலையில் படித்தாள்? என்ன பொருள் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, கை தவறினால் அது யார் மேல் போய் விழும் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்குப் போடுவதற்குத்தானே குடித்தனம் என்று பெயர்!

இதே கணக்கைப் பெரிய தொழிற்சாலைகளுக்குப் போடும்போது மட்டும் அதற்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 'பெரும் தொழில் விபத்துகளால் சுற்றுச்சூழலுக்கு நேரக்கூடிய அபாய மதிப்பீடு' என்று. பெயரைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தொடர்கதை எங்கும் ஓடிவிடாது. இது நம் வீட்டு வாசல் வரை வருகிற விஷயம்.

என் தங்கை பெண் கோமதிக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளைக்கு வட சென்னையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் உத்தியோகம். தாம்பரத்திலிருந்து தினமும் போய் வந்ததில் மனிதர் பாதியாக இளைத்துப் போனார். தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே பொடிநடையாகப் போகிற தூரத்தில் ஒரு வீடு கிடைத்தது. காற்றோட்டமான வீடு, மொட்டை மாடி, தாம்பரத்தில் கொடுத்த வாடகையில் பாதிதான். கோமதிக்கு அப்போது ஆறாவது மாதம். கைப்பேசியில் கடிதம் போல நீளமாக எழுதியிருந்தாள்:

"பெரியம்மா, வீடு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் மாடியில் போய் நின்றால் எதிரே பெரிய பெரிய தொட்டிகள் தெரிகின்றன. அவரைக் கேட்டால் சிரிக்கிறார். போகலாமா, வேண்டாமா? பெரியப்பாவைக் கேட்டுச் சொல்லுங்கள்."

பெரியப்பா என்றால் என் வீட்டுக்காரர். முப்பது வருஷம் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்று சொல்கிற சுபாவம். அன்று மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பால் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நாலு கேள்விகளை எழுதினார். அந்தத் தொட்டிகளில் இருப்பது என்ன? எவ்வளவு? அது வெளியே வந்தால் காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகும், தண்ணீர் எந்தப் பக்கம் கொண்டுபோகும்? ஏதாவது நடந்தால் அவளுக்கு வந்து சொல்லப் போகிறவர் யார்?

"இதற்குப் பதில் கிடைத்தால் நான் பதில் சொல்கிறேன். கிடைக்காவிட்டால், அதுவே ஒரு பதில்தான்" என்றார்.

இந்த நாலு கேள்விகளும் எங்கிருந்து வந்தன என்று நான் கேட்டு வைத்தேன். அவ்வளவுதான்! ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் கதாகாலட்சேபம் நடந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஓர் ஊர் இருந்தது.

முதல் இரண்டு கேள்விகளுக்குப் பின்னால் இருந்த ஊர் போபால்.

1984 டிசம்பர் 2ந் தேதி ராத்திரி. யூனியன் கார்பைடு என்ற பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் மீத்தைல் ஐசோசயனேட் என்ற திரவம் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, தொட்டி கொதித்து, சுமார் 40 டன் விஷவாயு வெளியே வந்தது. மத்தியப் பிரதேச சர்க்கார் ஒப்புக்கொண்ட சாவு எண்ணிக்கையே 3,787. பாதிக்கப்பட்டவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல் என்று 2006ல் அதே சர்க்கார் பிரமாண வாக்குமூலம் கொடுத்தது. இந்தக் கதை நமக்குத் தெரிந்ததுதான். எனக்குத் தெரியாமல் இருந்தது வேறு.

போபாலுக்குப் பிறகு ஐரோப்பாக்காரர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். இந்தத் திரவம் எவ்வளவு இருந்தால் அந்த இடத்தைப் பெரும் ஆபத்துக்குரிய இடம் என்று சட்டம் பிடித்துக்கொள்ள வேண்டும்? 150 கிலோ! நம் வீட்டு காஸ் சிலிண்டர் ஒன்றில் 14.2 கிலோ வாயு இருக்கிறது. அப்படிப் பத்துப் பதினோரு சிலிண்டர் எடைதான் 150 கிலோ. போபாலில் வெளியே வந்தது அதைப்போல 250 மடங்குக்கும் மேல். ஒரு தொழிற்சாலை என்ன தயாரிக்கிறது என்று நாம் கேட்கிறோம். "பூச்சிமருந்து", "உரம்" என்று பதில் வருகிறது. அது போதாது. தயாரிக்கும் வழியில் எதை எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. தீபாவளிக்குப் பட்டாசு வாங்கி வைக்காத வீடு உண்டா? கூடையில் ஒரு கட்டு இருப்பது வேறு, கட்டிலுக்கடியில் ஒரு வண்டி இருப்பது வேறு.

"அவ்வளவு பெரிய ஆலையில் பாதுகாப்புக்கு ஒன்றும் வைத்திருக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"எல்லாம் வைத்திருந்தார்கள்" என்றார் அவர். தொட்டியைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு குளிர்பதன யந்திரம் இருந்தது. அதை 1984 ஜூன் மாதமே நிறுத்திவிட்டார்கள். கசிகிற வாயுவை எரித்துவிட ஓர் உயரமான குழாய் இருந்தது; அதற்குப் போகும் இணைப்பு பழுது பார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவி விஷத்தை முறிக்க ஒரு கோபுரம் இருந்தது. அது அன்று முழு வேலையில் இல்லை, இருந்திருந்தாலும் அவ்வளவு வாயுவை அது தாங்கியிராது.

இங்கேதான் ஆபத்தைக் கணக்கிடுகிறவர்கள் ஏமாந்து போகிறார்களாம். காகிதத்தில் ஒவ்வொரு பாதுகாப்பும் தனித்தனிக் காவல்காரன். ஒருவன் தூங்கினாலும் இன்னொருவன் விழித்திருப்பான். மூவரும் ஒரே ராத்திரியில் தூங்குவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட நடக்காது என்று கணக்கு வரும். ஆனால் நஷ்டத்தில் ஓடுகிற ஆலையில் சிக்கனம் என்று ஒரு எஜமானன் வந்து எல்லாக் காவல்காரர்களுக்கும் ஒரே நாளில் லீவு கொடுத்துவிடுகிறான். அந்த எஜமானனுக்குக் கணக்கில் இடமே இல்லை.

தெரிந்து சொன்னவரும் இல்லாமல் போகவில்லை. போபாலில் ராஜ்குமார் கேஸ்வானி என்று ஒரு பத்திரிகையாளர் இருந்தார். 1981 டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் வாயுவால் ஒரு தொழிலாளி இறந்துபோனார். அவர் கேஸ்வானியின் நண்பர். அந்தத் துக்கத்தில் விசாரிக்கத் தொடங்கிய கேஸ்வானி, தாம் நடத்திய சின்ன வாரப் பத்திரிகையில் 1982லேயே ஊருக்கு ஆபத்து இருக்கிறது என்று எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் சொன்னார் அவர். செத்தவர்களை எண்ணியதோடு விபத்தின் கணக்கு முடிந்துவிட்டது என்று உலகம் நினைத்தது. ஆனால் ஆலை ஓடிய காலத்தில் வளாகத்திலும் வெளியே குட்டைகளிலும் கொட்டிய கழிவு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. விஷவாயு வந்த ராத்திரியில் பிறந்தே இராதவர்கள் அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். அங்கே நல்ல குடிதண்ணீர் கொடுக்க வேண்டும் என்று 2004ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட வேண்டியிருந்தது. வளாகத்தில் மூட்டை கட்டிக் கிடந்த கழிவில் 337 டன் 2025 ஜனவரியில்தான், அதாவது 40 வருஷம் கழித்து, வெளியே போயிற்று. காற்று ஒரு ராத்திரியில் போய்விடும். மண்ணும் தண்ணீரும் அப்படி மறப்பதில்லை.

மூன்றாவது கேள்வியில் பாதி, காற்று. அதற்கு ஊர் இத்தாலியில் இருக்கும் செவெசோ. மிலான் நகருக்கு வடக்கே உள்ள சிற்றூர். உண்மையில் ஆலை இருந்தது செவெசோவில் இல்லை. பக்கத்து ஊரான மேதாவில். ஆனால் காற்று செவெசோ பக்கம் அடித்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது போலப் பெயர் செவெசோவுக்கு வந்துவிட்டது.

1976 ஜூலை 10, சனிக்கிழமை. வாரக் கடைசி என்பதால் ஒரு ரசாயனக் கொப்பரையைப் பாதி வேலையில் நிறுத்திவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். அடுப்பை அணைத்துவிட்டால் பாத்திரம் ஆறிவிடும் என்று நினைப்போம் அல்லவா? இங்கே ஆறவில்லை. உள்ளேயே சூடு ஏறி, மதியம் பன்னிரண்டரை மணிவாக்கில் பாதுகாப்பு மூடி பிய்த்துக்கொண்டு ஒரு மேகம் கிளம்பிற்று. அதில் டையாக்ஸின் என்ற விஷம் கலந்திருந்தது. டன் கணக்கில் இல்லை. கிராம், கிலோ என்று சொல்லக்கூடிய அளவுதான். அந்த நிமிஷத்தில் யாரும் சாகவில்லை. குழந்தைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் கீரை பறிக்கிறவர்கள் பறித்தார்கள்.

பிறகு இலைகள் கருகின. முயல்களும் கோழிகளும் செத்து விழுந்தன. குழந்தைகளின் முகத்தில் கட்டி கட்டியாகப் புறப்பட்டது. மேகத்தில் டையாக்ஸின் இருந்தது என்று அதிகாரிகளுக்குத் தெரிவதற்குள் பத்து நாள் ஆகிவிட்டது. மிக மோசமான பகுதியிலிருந்து ஜனங்களை வெளியேற்றத் தொடங்கியது ஜூலை 26ந் தேதி. 700 பேருக்கு மேல் வீட்டைவிட்டுப் போனார்கள். விஷம் உணவில் கலக்கக் கூடாது என்று 70,000க்கும் மேற்பட்ட பிராணிகளைக் கொன்றார்கள். அந்த ஊருக்கு ஆபத்தின் வரைபடத்தை முதலில் போட்டுக் கொடுத்தவர்கள் விஞ்ஞானிகள் அல்ல, செத்துப்போன முயல்கள்தான். அதற்குப் பின்புதான் மண்ணைச் சோதித்து ஏ, பி, ஆர் என்று மூன்று வட்டாரமாகப் பிரித்தார்கள்.

இதில் எனக்கு மறக்க முடியாதவர் பாவ்லோ மொகாரெல்லி என்ற டாக்டர். பக்கத்திலிருந்த தேசியோ ஆஸ்பத்திரியின் பரிசோதனைச் சாலை அவர் பொறுப்பில் இருந்தது. மனித ரத்தத்தில் டையாக்ஸினை நல்லபடி அளக்க அப்போது வழியில்லை. இருந்தாலும் 1976ல் ஜனங்களிடம் எடுத்த ரத்தத்தைக் கொட்டிவிடாமல் உறைய வைத்துப் பாதுகாத்தார். நம் பாட்டிமார்கள் "என்றைக்காவது உதவும்" என்று எடுத்து வைப்பார்களே, அது போல! அந்த நாள் வந்தது. அளக்கும் வழி பிறந்த பின், அந்தப் பழைய ரத்தத்தைக் கொண்டே யார் உடம்பில் எவ்வளவு விஷம் போயிற்று என்று கண்டார்கள். 1996ல் ஆரம்பித்த ஓர் ஆராய்ச்சியில் செவெசோவின் பெண்கள் 981 பேர் சேர்ந்தார்கள்.

மொகாரெல்லி கண்டுபிடித்த ஒரு விஷயத்தைக் கேட்டு எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏ வட்டாரத்துத் தாய் தகப்பன்மாருக்கு 1977 முதல் 1984 வரை பிறந்த குழந்தைகள் 74. அவற்றில் பெண் 48, ஆண் 26. பெண் குழந்தை பிறந்தால் மருமகளைக் குறை சொல்லும் மாமியார்கள் கவனிக்க வேண்டும்: பிற்பாடு பார்த்தபோது, இதற்குச் சம்பந்தம் தகப்பன்மார் உடம்பில் போன விஷத்தோடுதான் என்று தெரிந்தது. ஒரு மத்தியான மேகம் இன்னும் கருவில்கூட இல்லாத குழந்தைகளைத் தொட்டுவிட்டது. கோமதியை நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள், தண்ணீரின் கதை.

ஸ்விட்சர்லாந்தில் பாஸல் என்ற நகரம். ரைன் நதிக்கரை. 1986 நவம்பர் 1ந் தேதி, நள்ளிரவு கழிந்த நேரம். ஸாண்டோஸ் என்ற கம்பெனியின் கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. உள்ளே 1,300 டன்னுக்கும் மேல் ரசாயனம், பெரும்பாலும் பூச்சிமருந்து. தீயணைப்பு வீரர்கள் விடிய விடியப் போராடினார்கள். ஊரெங்கும் சங்கு ஊதிற்று. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள், ரேடியோவைக் கேளுங்கள் என்று அறிவித்தார்கள். விடியற்காலையில் தீ அணைந்தது. ஊரில் ஒருவரும் சாகவில்லை. சபாஷ் என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா?

அணைக்க ஊற்றிய தண்ணீர் எங்கே போயிற்று? கிடங்கிலிருந்த விஷத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு நேரே ரைன் நதியில் இறங்கிற்று. சாயமும் கலந்திருந்ததால் நதி சிவப்பாக ஓடிற்று. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. கீழே ஜெர்மனியிலும் ஹாலந்திலும் குடிதண்ணீர் நிலையங்கள் நதியிலிருந்து தண்ணீர் எடுப்பதை நிறுத்தின. தீ ஒரு தேசத்தில், தாகம் மூன்றாவது தேசத்தில்!

தீ பிடித்தால் என்ன செய்வது என்று அங்கே கணக்குப் போட்டிருந்தார்கள். தீயை அணைத்த பிறகு அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்று போடவில்லை. ஒரு பெரிய தொட்டி, அந்தத் தண்ணீர் வந்து விழ, தயாராக இருந்திருந்தால் போதும். பாத்திரம் தேய்க்கிற எந்தப் பெண்ணுக்கும் கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியும். அந்தக் கிடங்குக்குத் தெரியவில்லை. பிற்பாடு தெரிந்துகொண்டார்கள். ரைன் நாட்டு மந்திரிகள் 1987ல் கூடி, 2000ம் ஆண்டுக்குள் சால்மன் மீன் மறுபடி இந்த நதியில் ஏற வேண்டும் என்று லட்சியம் வைத்தார்கள். 1990களிலேயே சால்மன் திரும்பி வந்தது. பட்டபின் புத்தி என்றாலும், புத்தி வந்ததே, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"இதெல்லாம் சீமைக் கதை. நம் ஊருக்கு என்ன?" என்று கேட்டேன்.

"நம் ஊரில் ஒரே மாதத்தில் தண்ணீரும் வந்தது, காற்றும் வந்தது" என்றார்.

நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவிற்று. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. மீனவர்களின் படகும் வலையும் கருத்துப்போயின. அது துடைத்து முடிவதற்குள், டிசம்பர் 26ந் தேதி நள்ளிரவில், கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் எண்ணூருக்கு அருகே கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் மூச்சுத் திணறி, கண் எரிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

போபால் ராத்திரி, பாஸல் ராத்திரி, எண்ணூரும் ராத்திரி. நாம் தூங்கும் நேரம். அதனால்தான் நாலாவது கேள்வி: யார் வந்து சொல்வார்கள்?

இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது என்று அவர் சொன்னபோது நான் ஆச்சரியப்பட்டேன். போபாலுக்குப் பிறகு, 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1989ல் ஆபத்தான ரசாயனங்களுக்கான விதிகள் வந்தன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ரசாயனம் வைத்திருக்கும் ஆலை தன் வேலிக்குள் விபத்து நடந்தால் என்ன செய்வது என்று திட்டம் வைத்திருக்க வேண்டும். வேலிக்கு வெளியே என்ன செய்வது என்பதற்கு ஜில்லா கலெக்டரிடம் ஒரு திட்டம் இருக்க வேண்டும். அதை வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, அந்த விதிகளில் 15வது விதி. விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு, இங்கே இருக்கும் ஆபத்து இன்னது, செய்ய வேண்டியது இன்னது, செய்யக் கூடாதது இன்னது என்று ஆலை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தயவு தாட்சண்யம் இல்லை, கடமை!

இத்தனையும் கேட்டு, நாலு கேள்விகளையும் கோமதிக்கு அனுப்பினேன். அவள் பிடிவாதக்காரி. தாயாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள். முதலில் வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டாள்.

"இருபது வருஷமாக நாங்கள் இங்கே குடியிருக்கவில்லையா, அம்மா? ஒன்றும் ஆகாது" என்றாராம்.

மாப்பிள்ளையைக் கேட்டாள். "வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நான் போய்த் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்?" என்று அவர் தயங்கினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளம் வாங்குகிறவன் வாய் பாதி மூடித்தான் இருக்கும். அதனால்தான் கேட்கிற வேலை பக்கத்து வீட்டுக்காரர்களுடையதாகிறது.

கோமதி தன் பெயரில், பிறந்த வீட்டு விலாசம் போட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதிப் போட்டாள். பதில் வந்தது. தொட்டிகளில் இருப்பது அம்மோனியா. திட்டம் இருக்கிறது. இங்கிலீஷில் இருக்கிறது. ஒத்திகையும் நடக்கிறது, ஆனால் அந்தத் தெருவில் விசாரித்ததில், ஒத்திகை நடந்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கணக்கு ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்கள். போட்ட கணக்கு பீரோவில் தூங்கிற்று.

காற்றையும் பெரியப்பா விடவில்லை. சென்னையில் பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். ராத்திரியில் பெரும்பாலும் நிலக்காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கிப் போகும். அந்த வீடு ஆலைக்கு நேர் கிழக்கே இருந்தது. போதாதற்குப் பள்ளம், 2023 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். "அந்த வீடு வேண்டாம்" என்று அவர் சொல்லிவிட்டார். அவர்கள் ஆலைக்குத் தெற்கே, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மேடான ஒரு தெருவில் கொஞ்சம் கூடுதல் வாடகைக்குக் குடிபோனார்கள்.

இத்துடன் என் கவலை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. கோமதி வேண்டாம் என்ற வீடு ஒரு வாரம்கூடக் காலியாக இல்லை. திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சின்னக் குடும்பம் குடியேறிற்று. அந்தப் பெண்ணுக்கும் இடுப்பில் ஒரு குழந்தை. வாடகை குறைவு என்பதற்காக வந்தவள். குறைந்த வாடகைக்குக் காரணம் அந்தத் தொட்டிகள்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பணமுள்ளவர்கள் ஆபத்தைக் கணக்கிட்டு விலகிப் போவார்கள். இல்லாதவர்கள் அந்த இடத்தில் வந்து நிற்பார்கள். விலகிப் போகத் தெரிந்துகொள்வது மட்டும் அபாய மதிப்பீடு என்றால், அது பாதிக் கணக்குத்தான்.

"பெரியம்மா, எனக்கு மனசு கேட்கவில்லை" என்றாள் கோமதி. பிரசவத்துக்குப் பிறகு, குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனதும், அந்தத் தெருவுக்குப் போனாள். அங்கே பெண்கள் சுய உதவிக் குழு ஒன்று இருந்தது. அவர்களிடம் அந்த நாலு கேள்விகளையும் 15வது விதியையும் சொன்னாள். இருபத்திரண்டு பெண்கள் கையெழுத்துப் போட்டு கலெக்டர் ஆபீசுக்கும் ஆலைக்கும் மனுக் கொடுத்தார்கள். யாரும் ஆலையை மூடச் சொல்லவில்லை. அம்மோனியா இல்லாமல் உரம் இல்லை, உரம் இல்லாமல் நாம் சாப்பிடுகிற சோறும் இப்போது இருக்கிற அளவுக்கு இல்லை. தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் ஜீவனம். எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள், தமிழில் சொல்லுங்கள், ஒத்திகையில் எங்களையும் சேருங்கள் என்றுதான் கேட்டார்கள். இரண்டு தடவை அலைய வைத்தார்கள். மூன்றாம் தடவை ஒரு பக்கத் தமிழ் அறிக்கை வந்தது. இப்போது அது ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

அதில் உள்ளதை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது. சங்கு ஊதினால் வேடிக்கை பார்க்க வாசலுக்கு வராதீர்கள். உள்ளே இருக்கச் சொன்னால் கதவு ஜன்னல்களைச் சாத்தி, சந்துகளில் ஈரத் துணியைத் திணித்துக்கொண்டு இருங்கள். வெளியேறச் சொன்னால் மூக்கையும் வாயையும் ஈரத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். காற்று போகிற திசையில் ஓடாதீர்கள். வாயுவும் அதே திசையில்தான் உங்களோடு ஓடி வரும். காற்றுக்குக் குறுக்கே போங்கள். போபாலில் இந்த ஒரு வார்த்தை தெரியாமல் எத்தனையோ பேர் வாயுவோடு சேர்ந்தே ஓடினார்கள்.

இந்த அறிக்கை வந்த பிறகு நடந்த ஒத்திகைக்கு நானும் போயிருந்தேன். பெண்களும் குழந்தைகளும் தெருவோடு திரண்டு நின்றார்கள். ஆலை அதிகாரி ஒருவர் வந்து, காற்றின் திசையைப் பார்க்க ஆலைக்குள் உயரத்தில் ஒரு துணிப்பை பறக்கிறது என்று விளக்கினார்.

கூட்டத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி எழுந்தார். "ஐயா, உங்க பை உங்க மதிலுக்குள்ளே பறக்குது. ராத்திரியிலே என் கண்ணுக்கு அது தெரியுமா?" என்றார்.

அதிகாரி பதில் தேடிக்கொண்டிருந்தார். பாட்டி காத்திருக்கவில்லை. மறுநாளே தம் பழைய வெள்ளைப் புடவை ஒன்றைக் கிழித்து, ஒரு கீற்றை மூங்கிலில் கட்டி, தெரு விளக்குக்கு நேராக மொட்டை மாடியில் நட்டுவிட்டார். கோமதி போன வாரம் அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அந்தத் தெருவில் இப்போது ஏழு மாடிகளில் புடவைக் கீற்று பறக்கிறதாம்.